உங்களை எந்தப் படியில் நிறுத்துகிறீர்கள்?

கவுன்சலிங் சைக்காலஜி முதுகலை படிக்கும் மாணவ மாணவியருக்கும், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆலோசகராக இந்த ஆண்டு முதல் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும்,



இந்தப் படிப்பில் எல்லோருக்கும் ஒரு அசைன்மென்ட் வரும். ஒழுக்க வளர்ச்சி, அடையாள வளர்ச்சி பற்றிய கோட்பாடுகளை முதலில் உங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். பிறகு ஆலோசனை அறையில் அவற்றை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதுங்கள் என்பார்கள். நெடுங்காலமாக நான் இவற்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பகுதியைப் பெரும்பாலும் நன்றாகவே எழுதுகிறீர்கள். இந்த மடலை எழுத வைத்தது முதல் பகுதிதான். ஏறக்குறைய எல்லோரும் கோல்பெர்க் வகுத்த ஒழுக்க வளர்ச்சிப் படிகளில் ஐந்தாவதில் நிற்கிறீர்கள். எல்லோருக்கும் அடையாளத் தேடல் முடிந்துவிட்டது. பதின்ம வயதில் கொஞ்சம் குழப்பம், ப்ளஸ் டூவில் ஒரு நல்ல ஆசிரியர், அதன்பின் தெளிவு. சாதி பற்றி ஒரே ஒரு வரி: எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை.

கோல்பெர்க்கும் அவருடைய குழுவினரும் ஒரே ஆட்களை 20 ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து பேட்டி கண்டு, 1983-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளர்ந்து வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் படிகளிலேயே இருந்தார்கள். ஐந்தாம் படி அபூர்வம். ஆறாம் படிக்குப் போதுமான ஆட்களே அகப்படாததால், மதிப்பெண் இடும் கையேட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, ஒரு வகுப்பே ஐந்தாம் படியில் நிற்கிறது என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. படி என்று ஒன்றைக் காட்டினால் மேலே ஏறி நின்றுகொள்ளத்தான் மனம் போகும். எனக்குக் கவலை அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றியது. மேலே நிற்பதாக நம்பும் ஆலோசகர் அறைக்குள் போனதும், கீழே நிற்க ஒருவர் வேண்டியிருக்கிறது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த அசைன்மென்ட்டின் முதல் பகுதியை உண்மையாக எழுதாதவரை இரண்டாம் பகுதிக்கு மதிப்பில்லை. நீங்கள் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு இன்னொருவரை அழைத்துப் போக உங்களால் முடியாது. அதைவிட மோசம், அவர் ஏற்கெனவே அங்கே போயிருந்தால் நீங்கள் அவரைத் திரும்ப இழுத்து வந்துவிடுவீர்கள்.

அந்த முதல் பகுதியை உண்மையாகச் செய்து காட்டிய ஒருவரை நம் ஊரிலேயே சொல்ல முடியும். 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், தாங்கள் காதலர்கள் என்றும் வீட்டாரிடமிருந்தும் போலீசிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கைக் கேட்ட நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அவர்களையும் பெற்றோரையும் ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். அதோடு நிறுத்தவில்லை. தன்பால் ஈர்ப்பு பற்றித் தனக்கும் முழுப் புரிதல் இல்லை, தீர்ப்பு அறிவிலிருந்து மட்டும் வந்தால் போதாது, மனதிலிருந்தும் வர வேண்டும் என்று சொல்லி, தானே அந்த உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனார். ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவில், பெரும்பாலான மக்களைப் போலத் தானும் புரிதல் இல்லாமல் இருந்ததையும், தெரியாது என்பது பாகுபாட்டுக்குச் சாக்காக முடியாது என்பதையும் வெளிப்படையாக எழுதினார். பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறோம்' என்று சொல்லி நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது.

அந்த உத்தரவைத் தேடிப் படியுங்கள். வளர்ச்சி என்பது ஒரு மனிதருக்குள் நடக்கும்போது எப்படி இருக்கும் என்று பாடநூலைவிடத் தெளிவாக அதில் தெரியும். அந்தப் பதவியில் இருப்பவர் தான் எங்கே நிற்கிறோம் என்று எழுத்தில் வைக்க முடியும் என்றால், நமக்கும் முடியும். நம்மில் பலர் மனநல உதவி என்ற பெயரில் தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளை 'சரிசெய்ய'ப் பெற்றோர் அழைத்துவரும்போது, முகம் சுளிக்காமல் ஆனால் உள்ளுக்குள் ஒப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பவர்கள். அந்த உள்ளுக்குள் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இனி கோல்பெர்க். 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்காகப் பேசிப் பார்த்தது பையன்களிடம் மட்டும். மனைவிக்காக மருந்தைத் திருடலாமா என்ற ஹைன்ஸ் கதை உங்களுக்கு மனப்பாடம். திருடலாம், கூடாது என்ற பதிலை அவர் பார்க்கவில்லை. அதற்குச் சொன்ன காரணத்தைப் பார்த்தார். ஆனால் ஹைன்ஸ் உங்களைத் தொடமாட்டார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், யாரோ ஒரு மருந்துக்காரர். பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் வகுப்பு மாணவி. வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அழுது முடித்துவிட்டு, 'மிஸ், வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்' என்கிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? முடிவை விடுங்கள். முதல் நிமிடத்தில் மனதில் ஓடியதை வரிசையாக, அழகுபடுத்தாமல் ஒரு தாளில் எழுதுங்கள்.

நாளைக்கு இரண்டு பேரும் ஓடிப்போனால் என் தலைதான் உருளும். இது முதல் படி. ஹெச்.எம்.முக்கு என்மேல் நல்ல அபிப்பிராயம் இருந்தால்தான் அடுத்த வருஷமும் வேலை. இது இரண்டாவது. பெற்றவர்கள் நம்பி அனுப்பியிருக்கிறார்கள், என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள். மூன்றாவது. சட்டம் என்ன சொல்கிறது என்பது நான்காவது. இங்கே சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வதும் உங்கள் கடமை. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். ஒருவரை விரும்புவது மட்டும் குற்றம் ஆகாது. அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: ரகசியம் காப்பேன் என்று நான் கொடுத்த வாக்கு எதற்காக, அதை எப்போது மீறலாம், மீறினால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணை மணந்ததற்காகச் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்படிப்பட்ட மண்ணில் 'பேரன்ட்ஸுக்கு இன்ஃபார்ம் பண்ணிட்டேன்' என்பது சாதாரணத் தகவல் இல்லை.

எழுதிப் பார்த்தால் எல்லாப் படிகளும் உங்களுக்குள் ஒரே சமயத்தில் இருப்பது தெரியும். முதலில் வருவது பெரும்பாலும் பயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு 'மாணவியின் நலன்' என்று பெயர் வைத்துக் கோப்பில் எழுதிவிட்டால், அதன் பிறகு உங்களாலேயே அதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் சொல்லாமல் இருப்பது என்ற ஒரே முடிவு, ஊர்க்காரர்களிடம் உள்ள அச்சத்தாலும் வரலாம், அந்தப் பெண்ணின் பாதுகாப்பை நன்றாக எண்ணிப் பார்த்ததாலும் வரலாம். அவளுக்கு அடுத்த வாரம் நீங்கள் எப்படித் துணை நிற்பீர்கள் என்பது இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் 'சார், அப்ப சரியான பதில் என்ன?' என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஹார்வர்டில் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வில்லியம் பெரி 1970-இல் எழுதிய நூல் இதைப் பற்றியதுதான். எல்லாவற்றுக்கும் ஆசிரியரிடம் ஒரு சரியான பதில் இருக்கிறது என்று தொடங்கி, எல்லாமே அவரவர் கருத்து என்று தடுமாறி, கடைசியில் நிச்சயமில்லாத நிலையிலும் ஒரு பக்கம் நின்று அதற்குப் பொறுப்பேற்பது என்று மாணவர்கள் நகர்வதை அவர் விவரித்தார். ஆலோசகர் ஆவதும் அந்தப் பாதைதான். வகுப்பில் நாங்கள் கொடுக்கும் 'இப்படிச் சொல்லலாம்' வாக்கியங்கள் முதல் சில வாரங்களுக்கு ஊன்றுகோல், அவ்வளவுதான்.

கோல்பெர்க்கின் உதவியாளராக இருந்த கரோல் கில்லிகன் 1982-இல் வெளியிட்ட நூலில், பையன்களை வைத்துக் கட்டிய ஏணியில் பெண்களை ஏற்றி அவர்கள் மூன்றாம் படியில் தங்கிவிட்டார்கள் என்று சொல்வது சரியா என்று கேட்டார். பதினொரு வயதுப் பையன் ஜேக், பணத்தைவிட உயிர் பெரிது, ஹைன்ஸ் திருடலாம் என்று கணக்குப் போல விடை சொல்கிறான். அதே வயது ஏமி, கடன் வாங்கலாமே, மருந்துக்காரரிடம் இன்னும் பேசிப் பார்க்கலாமே, திருடி ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்ப்பது என்று உறவுகளின் வழியே யோசிக்கிறாள். ஏமி பேசுவதில் உள்ள அறத்தைக் கேட்க அந்த அளவுகோலுக்குக் காது இல்லை என்பது கில்லிகனின் வாதம்.

நமக்கு இது இன்னும் நெருக்கமானது. 1992-இல் ஜோன் மில்லரும் டேவிட் பெர்சாஃபும் மைசூரிலும் அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் ஒரே கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரங்களைக் கொண்டு போகிறவனின் பணம் வழியில் திருடு போய்விடுகிறது. ரயிலுக்கு வேறு வழியில்லை. இன்னொருவரின் டிக்கெட்டை எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு வருகிறது. நியூ ஹேவனில் பெரும்பாலோர் எடுக்கக் கூடாது என்றார்கள். மைசூரில் பெரும்பாலோர், நண்பனின் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்றார்கள். உறவுக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் சொந்த விருப்பமாகப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் செய்தே தீர வேண்டிய கடமையாகப் பார்த்தார்கள். ஆகவே உங்களிடம் வரும் ஒரு பெண், 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க', 'அம்மா மனசு கஷ்டப்படும்' என்று பேசும்போது அவரை வளராதவர் என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளாதீர்கள்.

அதே சமயம் கில்லிகன் அங்கே நிறுத்தவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்த 29 பெண்களிடம் பேசி அவர் கண்டது ஒரு பயணம். தன்னைக் காப்பாற்றிக்கொள்வது, பிறகு தன்னை மறந்து பிறருக்காக வாழ்வதே நல்லதனம் என்பது, அதற்கும் பிறகு அக்கறை காட்டப்பட வேண்டியவர்களின் பட்டியலில் தன் பெயரையும் சேர்ப்பது. இந்த இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் தூரம்தான் நம் ஊர்ப் பெண்கள் பலரும் ஆலோசனைக்கு வரும் தூரம். 'எனக்குன்னு ஒண்ணும் வேணாம் மேடம், பிள்ளைங்க நல்லாயிருந்தா போதும்' என்று பல பேர் பல ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதும் உங்கள் கண் கலங்குகிறதா, அவர்மேல் மதிப்பு கூடுகிறதா? கூடினால் கவனியுங்கள். ஒருவேளை உங்கள் அம்மாவும் அப்படித்தான் வாழ்ந்திருப்பார். நீங்களும் அதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று நம்பியே இந்தத் தொழிலுக்கு வந்திருக்கலாம். பிறருக்காகவே வாழ்பவர்களை இந்தத் தொழில் எளிதாக ஈர்க்கிறது. அப்படியானால் அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போகும் பெண்ணின் பொறுமையை நீங்கள் பாராட்டிவிடுவீர்கள், வாயால் சொல்லாவிட்டாலும் தலையசைப்பால்.

அடையாளம் என்றால் எரிக்சனில்தான் தொடங்க வேண்டும். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் கோட்பாடு உயிரோடு பேசும். 1902-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வளர்த்த மருத்துவரைத்தான் சொந்தத் தகப்பன் என்று சொல்லி வளர்த்தார்கள். பொன்னிற முடி, உயரம். யூதக் கோயிலில் வேற்று ஆள் என்று கிண்டல், பள்ளியில் யூதன் என்று கிண்டல். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற 1939-இல் எரிக்சன் என்று தனக்கே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். நான் யார் என்பதை ஒரு மனிதனின் மையக் கேள்வியாக அவர் ஏன் எழுதினார் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் அவர் கதையில் இன்னொன்றும் உண்டு. 1969-இல் காந்தி பற்றி அவர் எழுதிய நூலின் நடுவே, ஆய்வாளருக்கு உரிய தூரத்தை விட்டுவிட்டுக் காந்தியை நோக்கியே நேரடியாக எழுதுகிறார். ஊருக்கு அகிம்சை சொன்னவர் மனைவியிடமும் அண்டியிருந்தவர்களிடமும் கடுமை காட்டியதைக் கேட்கிறார். நேர்மையான பக்கங்கள் அவை. அதே எரிக்சனுக்கு 1944-இல் டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு மகன் பிறந்தான். குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் பிறந்தவுடன் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1999-இல் வெளிவந்த லாரன்ஸ் ஃபிரீட்மேனின் வாழ்க்கை வரலாறு வழியாகத்தான் இது உலகுக்குத் தெரிந்தது. அந்தக் காலத்து மருத்துவர்கள் அதைத்தான் அறிவுரையாகச் சொன்னார்கள் என்பதை நான் அறிவேன். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. மனித வாழ்வின் எட்டுப் பருவங்களை வரைந்தவராலும் தன் வீட்டை அந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. உங்களுக்கு அது எளிதாக வந்துவிட்டதாகத் தோன்றினால், இன்னும் ஒருமுறை பாருங்கள்.

மார்சியா 1966-இல் வகுத்த நான்கு அடையாள நிலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அப்பா சொன்னார் என்று இன்ஜினியரிங் சேர்ந்தவரை, தேடிப் பார்க்காமலே முடிவில் பூட்டிக்கொண்டவர் என்று முத்திரை குத்திவிடுகிறீர்கள். தேடலுக்குக் காசு வேண்டும். எரிக்சனால் இளமையில் ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் அலைய முடிந்தது, வீட்டில் வசதி இருந்ததால். முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கொடுத்துக் கட்டணச் சலுகையில் படிக்கும் பிள்ளைக்கு, 'ஒரு வருஷம் எடுத்துக்கோ, உனக்கு என்ன பிடிக்கும்னு யோசி' என்பது எந்த வகையில் உதவி? அவருக்குத் தேடல் வேலை கிடைத்து, தங்கையின் கல்யாணம் முடிந்து, 28 வயதில் தொடங்கலாம். அதைத் தாமதம் என்று எந்தக் கோட்பாடும் சொல்ல வேண்டியதில்லை.

இனி, அந்த ஒரு வரி. எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை.

1971-இல் வில்லியம் கிராஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் அடையாளத்தோடு கொள்ளும் உறவு எப்படி மாறுகிறது என்று விவரித்தார். அதைப் பெரிதாக எண்ணாமல் இருப்பது, ஒரு சம்பவம் முகத்தில் அறைவது, பிறகு கோபத்தோடும் பெருமிதத்தோடும் அதில் முழுவதும் மூழ்குவது, மெல்ல அதை உள்ளே ஏற்றுக்கொண்டு தெளிவது. ஜேனட் ஹெல்ம்ஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார்: வெள்ளையர்களுக்கு இன அடையாளம் இல்லையா? இருக்கிறது, அதை அவர்கள் பார்க்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் வேறுபாடு. நான் நிறம் பார்ப்பதில்லை என்பதை அவர் முதல் நிலையாக வைத்தார். பின்னாளில் படி என்ற கருத்தையே கைவிட்டு, ஒருவருக்குள் பல நிலைகள் இருக்கும், சூழலுக்கு ஏற்ப ஒன்று முன்னே வரும் என்று திருத்திக்கொண்டார்.

இனமும் சாதியும் ஒன்றில்லை. அவற்றை அப்படியே பெயர்த்து ஒட்டாதீர்கள். ஆனால் 1984-இல் ஹெல்ம்ஸ் சொன்ன ஒன்று நம் அறைகளுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆலோசகர் எங்கே நிற்கிறார், வந்தவர் எங்கே நிற்கிறார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆலோசகர் சற்று முன்னே இருந்தால் உறவு முன்னே போகும். இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் சுகமாக இருக்கும், எதுவும் நகராது. வந்தவர் முன்னே இருந்தால் அமர்வு அவரைப் பின்னுக்கு இழுக்கும். இருவரும் நேர் எதிர்த் துருவங்களில் நின்றால் உறவு முறிந்துவிடும்.

கல்லூரி விடுதியிலிருந்து வரும் முதலாம் ஆண்டு தலித் மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'எல்லாரும் ரேங்க் என்ன ரேங்க் என்னன்னே கேக்குறாங்க மேடம்' என்கிறார். இடஒதுக்கீட்டில் வந்தவரா என்று அறியத்தான் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆலோசகருக்கு ஒருவேளை உண்மையாகவே தெரியாது. 'அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, நல்லா படிச்சுக் காட்டுங்க' என்கிறார், முழு அன்போடு. அந்த மாணவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். திரும்ப வருவதில்லை. கோப்பில் 'தொடர் அமர்வுக்கு வரவில்லை' என்று எழுதப்படுகிறது. அவர் அடையாளத்தில் எத்தனையோ தூரம் நடந்து வந்தவர். அவரை ஆரம்பித்த இடத்துக்கே திரும்பப் போகச் சொன்னோம் என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது.

அதற்கும் முன்பாக இன்னொன்று நடந்திருக்கும். 'எந்த ஊரு?' 'எந்தப் பக்கம்?' 'அப்பா என்ன பண்றார்?' பேச்சுத் தொடங்க நாம் இயல்பாகக் கேட்பவை. தமிழ்நாட்டில் இந்த வரிசைக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எதிரே இருப்பவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஊர், தெரு, குலதெய்வம் வரை கேட்டுவிட்டால் போதும். நீங்கள் எந்த நோக்கமும் இல்லாமல் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் ஒரு கதவு சாத்தியதைப் பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் நிற்கும் சுகத்துக்கும் ஒரு படம் தருகிறேன். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் நிறக் கயிறுகளை அறிவீர்கள்; எந்த நிறம் எந்தச் சாதி என்று பையன்களுக்கு அத்துப்படி. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் இந்த நிறக் கயிறுகளைக் கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்றும் சொன்னது. கயிறு கட்டிய பையன் ஒருவன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனும் நீங்களும் ஒரே சாதி. அவனுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. தோளைத் தளர்த்தி உட்காருகிறான், 'சும்மா சாமி கயிறு சார்' என்று சிரிக்கிறான். நீங்களும் சிரித்துவிடுகிறீர்கள். நல்ல இணக்கம் ஏற்பட்டதாகக் குறிப்பில் எழுதுகிறீர்கள். அங்கே எதுவுமே நடக்கவில்லை.

அதற்காக, மனிதர்கள் அனைவரும் சமம் என்று அவனுக்கு வகுப்பெடுத்தாலும் பயனில்லை. அவன் நிற்பது மூன்றாம் படி; கூட்டாளிகளை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் அவன் அறம். அதில் அறமே இல்லை என்று நினைத்தால் அவனை இழந்துவிடுவீர்கள். ஒருவர் இருக்கும் படிக்கு ஒரு படி மேலான வாதம்தான் அவரை அசைக்கும் என்று மோஷே பிளாட் கோல்பெர்க்கோடு சேர்ந்து 1975-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே விசுவாசத்திலேயே தொடங்குங்கள். 'உன் கபடி டீம்ல யார் யார் தம்பி?' என்று கேளுங்கள். பெயர்களைச் சொல்வான். அதில் கயிறு வேறு நிறமாக உள்ளவனும் இருப்பான். 'மேட்ச்ல அவன் கால உடைக்க வந்தா நீ பாத்துக்கிட்டு நிப்பியா?' 'அது எப்படி சார், நம்ம டீம் இல்ல.' 'அப்ப ரோட்ல வந்தா?' அங்கே அவன் பேசாமல் இருப்பான். நீங்களும் பேசாமல் இருங்கள். ஒரு அமர்வுக்கு அது போதும்.

தலித் ஆலோசகர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் கயிறு கட்டிய பையன் உங்கள் முன்னால் உட்காரும்போது உங்கள் வயிற்றில் ஏற்படும் இறுக்கம் உங்கள் குறைபாடு இல்லை. அதைக் கடந்து அவனைப் பார்க்க நீங்கள் செலவழிக்கும் உழைப்பு, உங்களோடு படித்த மற்றவர்கள் செலவழிக்காதது. 'தொழில்முறை நடுநிலை' என்று சொல்லி அதைத் தனியாகச் சுமக்க வைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை. சில நாள் அந்த வழக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவதும் சரியான முடிவுதான்.

இவ்வளவையும் தனியாக உட்கார்ந்து கண்ணாடி பார்த்துச் செய்துவிட முடியாது. தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாது. அமர்வுக் குறிப்பு எழுதும்போது, வந்தவரைப் பற்றி எழுதி முடித்த பின் உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்: இன்று எந்த இடத்தில் அவசரமாகப் பேச்சை மாற்றினேன், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அந்த வரிகளைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். மேற்பார்வை என்று பாடத்தில் படித்தீர்களே, அது வேலையில் சேர்ந்ததும் பல இடங்களில் காணாமல் போய்விடுகிறது. ஒரு பள்ளி முழுவதற்கும் ஒரே ஆலோசகர், அவருக்குப் பேச ஆளில்லை, ஹெச்.எம். கேட்பதெல்லாம் ரிஜிஸ்டர் மட்டும் என்ற நிலைமைதான் இருக்கிறது. இதை நாம் பொறுத்துக்கொள்வது தவறு. நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதுபோலவே, எனக்கு மேற்பார்வை யார் தருவார்கள், மாதத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டாலும் அந்தக் கேள்வி அங்கே பதிவாகட்டும்.

அதுவரை நீங்களே நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே கல்லூரித் தோழர்களாக இருக்க வேண்டாம்; உங்களைப் பார்த்து 'நீ அந்த இடத்துல ஏன் சிரிச்ச?' என்று கேட்கக்கூடியவராக ஒருவராவது இருக்கட்டும். வந்தவர்களின் பெயர், ஊர், அடையாளம் எதையும் வெளியே எடுக்காமல், உங்கள் இரண்டு வரிகளை மட்டும் அங்கே வையுங்கள். தொடங்கிவிட்டு எனக்கும் சொல்லுங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் நான் வர முடியும், என் குறிப்பேட்டோடு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்களில் ஒருவர்